தட்டு மாற்றும் முன்

மக்கா,

இந்தக் கடிதத்தை உன் டயாலிசிஸ் பையில், போர்வை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். வீட்டில் கொடுத்தால் படிக்க மாட்டாய். நேரில் பேச வாயெடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாய். தென்காசியில் அந்தக் கட்டிலில் படுத்து ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டால் உன்னால் எழுந்து போக முடியாது. இன்னொரு கை சும்மாதான் இருக்கும். அம்மா இப்படி மடக்கிவிட்டாளே என்று கோபம் வரும். வரட்டும். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்க்காதபடி பிடித்துக்கொண்டு படி.

வெள்ளிக்கிழமை உனக்கும் கோமதிக்கும் நிச்சயதார்த்தம். புளியங்குடியில் உன் மாமா வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள். சேலை எடுத்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. எனக்குப் பயமே அதுதான். கடையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே யாரோ வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது. நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நேற்று மாவு வாங்க வந்த வாத்தியார் வீட்டம்மா, "என்னக்கா, மகனுக்குக் கல்யாணம்னு சொன்னாங்க, நீங்க எழவு வீட்டுக்காரி மாதிரி நிக்கிய"ன்னு கேட்டாள். சிரித்து மழுப்பி ஒரு கரண்டி மாவு கூடுதலாகப் போட்டு அனுப்பினேன். அவள் சொன்ன வார்த்தை மட்டும் போகாமல் கடையிலேயே நின்றது.

இந்தக் கல்யாணம் எங்கே முளைத்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதுரை ஆஸ்பத்திரிக்கு மாமா காரில் போனோமே, அன்றைக்கு. டாக்டர் முதலில் உன்னையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். எச்.ஐ.வி. இருக்கிறவனுக்குக் கிட்னி மாற்ற மாட்டார்கள், கையைக் கழுவி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் நான் போனேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "செய்யுறோம்மா. மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டு வைரஸ் அடங்கி இருக்கணும், அது இவருக்கு இருக்கு. புதுக் கிட்னிய உடம்பு தள்ளாம இருக்க ஒரு மருந்து கொடுப்போம். அதோட சண்டை போடாத மாதிரி இவரோட மாத்திரையில ஒண்ண மாத்தணும். தள்ளிவிடுற பயம் மத்தவங்களவிட இவருக்குக் கொஞ்சம் கூடுதல். அதையும் தெரிஞ்சுக்கோங்க" என்றார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல் இருந்தது. உடனே முந்திக்கொண்டு, என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கும் அதே வியாதி, அவனுக்கும் அதே வியாதி, இதில் புதிதாகக் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிநாட்டில் சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், இங்கே அதற்கு வழியில்லை என்றார். உன் உடம்பில் இருக்கிற கிருமியும் என் உடம்பில் இருக்கிறதும் இத்தனை வருடத்தில் வேறு வேறாக மாறியிருக்கலாம், என்னிடமிருந்து புதிதாக ஒன்று வந்தால் உன் மாத்திரைக்கு அடங்காமல் போகலாம் என்றும் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். அந்த வியாதியை உனக்குக் கொடுத்தவள் நான். என் வயிற்றில் இருக்கும்போதே கொடுத்துவிட்டேன். கேட்காததைக் கொடுத்த உடம்பு, நீ பிழைக்கக் கேட்பதைக் கொடுக்க லாயக்கில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் மாமாவை உள்ளே கூப்பிட்டு, யார் யார் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்றுவதைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளர் பெண் விளக்கினாள். பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள், தாத்தா பாட்டி, புருஷன் பெண்டாட்டி. தாய்மாமன் அந்தக் கணக்கில் இல்லை, தனியாகக் கமிட்டி அனுமதிக்க வேண்டும் என்றாள். அப்போதும் மாமா விடவில்லை, என்னுடையதை எடுங்கள் என்றார். சுகர் இருக்கிறது, முடியாது என்றதும் எழுந்து கழிவறைக்குப் போனவர் முகம் கழுவிக்கொண்டு கண் சிவந்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை மக்கா. அதை மறந்துவிடாதே. திரும்பி வரும்போது ராஜபாளையம் தாண்டி, வாசுதேவநல்லூரில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏட்டி, நம்ம கோமதிய இவனுக்குக் கட்டி வச்சிருவோம். மொறைப்பொண்ணுதான? என்னைக்கிருந்தாலும் செய்யணும்னு நெனச்சதுதான. கட்டியாச்சுன்னா அவ பொண்டாட்டி. பொண்டாட்டி குடுக்கலாம்லா? அவளும் இவன் குரூப்புதான்."

"அண்ணே, அவகிட்ட கேக்காம"ன்னு இழுத்தேன்.

"அவ மாட்டேன்னு சொல்லுவாளாட்டி? சின்னதுலருந்து அத்தான் அத்தான்னு கெடக்கா. கமிட்டில கேள்வி கேட்டா, ஊரே வந்து சாட்சி சொல்லும். மொறைப்பொண்ணக் கட்டுததுக்கு எவன் கேள்வி கேப்பான்?"

நீ டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதென்பதால் ஒரு வாய்தான் உனக்கு. நான் சரி என்று தலையை ஆட்டினேன். வேறு ஊரில், வேறு ஜாதி வழக்கத்தில் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்திருக்காது. நமக்கு முறை என்று ஒன்று இருப்பதால், அறுத்து எடுக்க ஒரு பெண்ணைக் கொண்டுவருவதுகூட சுபகாரியம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் முழுவதும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? கோமதிக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் நடந்து முடிந்துவிட வேண்டும், நீ பிழைத்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். பெற்றவளுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. என்னை நானே பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

உன் மாமாவுக்குக் கிட்னி விஷயம் மட்டும்தான் தெரியும். நமக்கு இருக்கிற வியாதி தெரியாது. என் கிட்னி ஏன் ஆகாது என்று கேட்டதற்குப் பிரஷர் என்று சொல்லி வைத்தேன். உன் அப்பா டிபியில் இறந்தார் என்றுதான் இன்றுவரை ஊர் நம்புகிறது. பக்கத்தில் மாத்திரை வாங்கினால் ஆள் பார்த்துவிடும் என்று, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவேன். யாராவது கேட்டால், பிள்ளைக்கு இளைப்பு, பெரியாஸ்பத்திரியில் காட்டுகிறேன் என்பேன். பனவடலிசத்திரத்தில் தெரிந்த முகம் ஏறினால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அந்த மாத்திரை டப்பாவின் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். இதையெல்லாம் தப்பென்று நான் சொல்லவில்லை. ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்தேன். இன்னொரு தடவை வந்தாலும் மறைப்பேன். ஆனால் ஊருக்கு மறைப்பது வேறு, உன் பக்கத்தில் படுக்கப்போகிறவளுக்கு மறைப்பது வேறு.

எனக்கு யாரும் சொல்லவில்லை மக்கா. நீ பிறந்து நடக்க ஆரம்பித்த சமயம், உன் அப்பா எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நிற்கிறேன். கையில் சீட்டுகளை வைத்துக்கொண்டு வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்து, "ஏம்மா, ஒம் புருசனுக்கு எய்ட்ஸ் இருக்குல்லா, ஒனக்கும் பிள்ளைக்கும் பாத்துரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்கள். எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம்கூடச் சரியாகத் தெரியாது. உன் அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை, கேட்கும் நிலையில் அவரும் இல்லை. ஆனால் என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. கருமாதி அன்று அவளே சொன்னாள். "கல்யாணம் முடிஞ்சா ஒடம்பு தேறிரும்னு நெனச்சேன் தாயி. பெத்த வயிறு கேக்கல." அந்தக் கல்யாணத்துக்கு அவள் காட்டிய அவசரத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எதற்கெடுத்தாலும் சீக்கிரம், சீக்கிரம் என்பாள். இன்றைக்கு உன் மாமா சீக்கிரம் என்கிறார், நீ சீக்கிரம் என்கிறாய். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளை எத்தனை வருடம் சபித்தேன்.

நீ சொல்வதை நானும் யோசித்துப் பார்த்தேன். "வைரஸ் தெரியாத அளவுல அடங்கியிருக்கும்மா. மாத்திர சாப்பிடுத வரைக்கும் அவளுக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஒட்டாத ஒண்ண எதுக்குச் சொல்லணும்? சொன்னா மாமா வீட்டுக்குள்ள விடுவாரா?" என்கிறாய். டாக்டர் சொன்னது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன்னால் அவளுக்கு எதுவும் வராது. உன் அப்பாவுக்கு இந்த மருந்து கிடைத்திருந்தால் இப்போது அவர் என் கடைக்கு அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். ஆனால் ஒட்டுமா ஒட்டாதா என்பதல்ல நான் கேட்பது. தன் உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிக்கிறவள், அது எந்த உடம்புக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டாமா? கொடுத்த கிட்னியை உன் உடம்பு தள்ளிவிட மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல் என்றார்களே, அதை அவள் தெரிந்துகொள்ள வேண்டாமா? நீ சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைக்காதே. கொடுக்கிறவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள் என்று அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் சொன்னாள் அல்லவா? கழுத்தில் புதுத் தாலியோடு, முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி கேட்கும் கேள்வியில் அவள் புரிந்துகொள்வாள். ஆஸ்பத்திரி வராந்தா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்தாவது படிக்கும்போது கபடியில் விழுந்து உன் முழங்கால் கிழிந்ததே, நினைவிருக்கிறதா? பி.டி. வாத்தியார் துடைக்க வந்தபோது, யாரும் தொடாதீர்கள் என்று கத்திக்கொண்டு குழாயடிக்கு நொண்டி நொண்டி ஓடினாயாம். நீயே கழுவி, நீயே துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். இரத்தத்தைக் கண்டால் பயப்படுகிறவன் என்று வருடம் முழுக்க உன்னைக் கேலி செய்தார்கள். நீ வாயே திறக்கவில்லை. உன் செல்போன் கடையில் வேலை செய்கிற பையன்கள்கூட அதைச் சொல்லித்தான் இன்னும் சிரிக்கிறார்கள். மற்றவனுக்குத் தீங்கு வந்துவிடக் கூடாதென்று யாரும் சொல்லித் தராமலே ஒதுங்கிப் போன பிள்ளை நீ. உன்னை நான் கோழை என்று நினைத்ததே இல்லை. இப்போதும் நினைக்கவில்லை. உன்னை அந்த மெஷின் பயமுறுத்திவிட்டது. காலையில் உன் முகம் வீங்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கே புத்தி தடுமாறுகிறது. நீ மத்தியானம் அசந்து தூங்கும்போது, ஊசி குத்துகிற அந்த நரம்பின்மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். உள்ளே ரத்தம் இரைந்துகொண்டு ஓடும். ஓடுகிறது, இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

திங்கட்கிழமை ஜாக்கெட் அளவு வாங்கப் புளியங்குடிக்குப் போனேன். மதினி வீட்டில் இல்லை. கோமதி தான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்படியில் வாழைத்தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "கிட்னிக்கு நல்லதாம்லா அத்தை. தெனமும் சாறு எடுத்துக் குடிக்கேன். அத்தானுக்குக் குடுக்கும்போது நல்லதா குடுக்கணும்லா" என்றாள். உப்பில்லாமல் சமைக்கப் பழகுகிறாளாம். முந்தின நாள் அவள் அப்பாவுக்கே வைத்துக் கொடுத்தாளாம். "அப்பா ஒரு வாய் வச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சாவ. நான் விடல" என்று சிரித்தாள். பிறகு நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தை, கிட்னி குடுத்ததுக்குப் பொறவு பிள்ளை பெத்துக்கலாம்லா? கொஞ்ச நாள் கழிச்சுப் பெத்துக்கலாம்னு போன்ல பாத்தேன். அத்தான்கிட்ட கேட்டேன், பேச்ச மாத்திட்டாவ. அவியளுக்குப் பிள்ள பிடிக்காதா?"

"பிடிக்கும்ளா"ன்னு மட்டும் சொன்னேன்.

"பொறவு எதுக்கு அத்தை ஒரு மாதிரி ஆயிட்டாவ?"

டாக்டரிடம் கேட்போம் என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் அளவைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சங்கரன்கோவில் வரும்வரை அழுதேன். அந்தப் பிள்ளை உனக்குக் கொடுப்பதற்காகத் தன் உடம்பைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேனே, என் மாமியாரும் இப்படித்தான் வந்திருப்பாள் ஒரு நாள்.

நீ அவளிடம் சொல்ல வேண்டும். மாமாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் அவளிடம். உனக்கு என்ன இருக்கிறது, மாத்திரை எப்படி வேலை செய்கிறது, அவளுக்கு ஏன் ஒட்டாது, கொடுத்தால் என்ன ஆகலாம், எல்லாவற்றையும் சொல். பிள்ளை கேட்டாளே, அதற்கும் பதில் சொல். உன் மாதிரி இருக்கிறவர்கள் மருந்தோடு நல்ல பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறார்கள் என்று மாத்திரை கொடுக்கிற சென்டரில் உனக்கே சொல்லியிருக்கிறார்கள். கேட்டுவிட்டு அவள் சரி என்றால் அது அவள் இஷ்டம். நான் அவளை மகாராணி மாதிரி வைத்துக்கொள்வேன், கிட்னி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். மாட்டேன் என்றால் அதுவும் அவள் இஷ்டம். அவள்மேல் ஒரு சொல் வரக்கூடாது.

அவள் மாட்டேன் என்றால் உனக்கு இருக்கிறது அரசாங்கப் பதிவு மட்டும்தான். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய வீட்டார் மனமிரங்க வேண்டும், உன் முறை வர வேண்டும், அதுவரை உன் உடம்பு தாங்க வேண்டும். கிட்னி கிடைத்திருக்கிறது என்று போன் வராமலே போகலாம். நீ செத்துப்போகலாம் மக்கா. அதைத் தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். நீ எனக்கு வேண்டும். உன்னைத் தவிர எனக்கு ஆள் கிடையாது. உன்னைப் பறிகொடுத்துவிட்டு அந்தக் கடையில் நின்று யாருக்காக மாவு அரைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கோமதிக்குத் தெரியாமல் அவளிடமிருந்து எடுத்து உன்னைப் பிழைக்க வைக்க என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் இரண்டு வீட்டாரையும் பார்த்து, சம்மதமா என்று கேட்பார். சம்மதம் என்று சொல்வதற்கு மட்டும்தான் அந்தக் கேள்வி, இதுவரை யாரும் வேறு பதில் சொன்னதில்லை. அப்பா இல்லாததால் நம் பக்கம் என்னைத்தான் கேட்பார்கள். தாலியறுத்தவள் சபையில் நிற்பதா என்று மதினி இழுத்தபோது, எந் தங்கச்சிதான் சொல்லணும் என்று உன் மாமாவே அடித்துப் பேசிவிட்டார். நீ அதற்குள் கோமதியிடம் சொல்லியிருந்தால், அவள் என்ன முடிவு செய்கிறாளோ அதையே நான் சபையில் சொல்வேன். சொல்லியிருக்காவிட்டால், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்வேன். எப்போதிலிருந்து இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, அத்தனையும் சொல்வேன். உன் வியாதியைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, செத்தாலும் சொல்ல மாட்டேன். என்னுடையதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மறுநாளிலிருந்து என் மாவை இந்த ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்கள், அது தெரியும். நான் சொல்லி முடித்ததும் ஒருவரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பி உன் முகத்தைப் பார்ப்பார்கள். கோமதியும் பார்ப்பாள்.

அது நடக்க வேண்டாம். இன்றைக்கு மெஷினை எடுத்ததும் உடனே எழுந்துவிடாதே, தலை சுற்றும். கொஞ்சம் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் இருக்கிற இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. பஸ் புளியங்குடி வழியாகத்தான் வரும். கோமதி வீட்டில் இருப்பாள். அங்கே இறங்கிவிடு.

அம்மா